கோடிங் சுற்றுக்குத் தயாராவது

மென்பொருள் நிறுவனங்களின் கோடிங் நேர்காணல் பெரும்பாலும் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நடக்கும். அதற்குள் விண்ணப்பதாரர், முன்பின் பார்த்திராத ஒன்றிரண்டு கணக்குகளைப் புரிந்துகொண்டு, வழி கண்டு, நிரலாக எழுதி, அது சரியாக ஓடும் என்பதையும் காட்டியாக வேண்டும். எதிரே இருப்பவர் விடையை மட்டும் குறித்துக்கொள்வதில்லை. விண்ணப்பதாரர் கேள்வியை எப்படி வாங்கிக்கொண்டார், முதல் யோசனை தவறியபோது என்ன செய்தார், எழுதியதைத் தானே சோதித்தாரா, கொடுத்த குறிப்பைப் பிடித்துக்கொண்டாரா என்பதெல்லாம் அவருடைய மதிப்பீட்டில் ஏறும். சில பெரிய நிறுவனங்களில் வேலை கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது, நேர்காணலில் இல்லாத வேறொரு குழு. நேர்காணலில் நடந்ததைப் பற்றி அந்தக் குழுவுக்குக் கிடைப்பது நேர்காண்பவர் எழுதிய மதிப்பீடுதான். மனத்துக்குள் மட்டும் நடந்த யோசனை, எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அந்தத் தாளில் இடம்பெறாது.

இது தெரியாமல் தயாராகிறவர்கள் கணக்குகளின் எண்ணிக்கையைத் துரத்துகிறார்கள். நூற்றுக்கணக்கில் போட்டு முடித்தவர்கூடப் புதிய கணக்கின் முன் வாயடைத்துப் போவதுண்டு. அவர் பழகியது விடைகளை. நேர்காணல் கேட்பதோ விடை வரையிலான பாதையை. அந்தப் பாதையைச் சத்தமாக, தடுமாறாமல் நடந்து காட்டப் பழகுவதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

எந்த நிறுவனம், எந்தத் தேர்வு

எவ்வளவு தயாரிப்பு வேண்டும் என்பது நிறுவனத்தைப் பொறுத்தது. கல்லூரி வளாகத் தேர்வுக்கு வரும் பெரிய சேவை நிறுவனங்கள் ஆப்டிட்யூட் கேள்விகளோடு எளிய கோடிங் கணக்குகளைத் தருவது வழக்கம். லூப், ஸ்ட்ரிங், அர்ரே மூன்றையும் கை பழக எழுதத் தெரிந்தவர் அதைத் தாண்டிவிடலாம். கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் போன்ற புராடக்ட் நிறுவனங்களில் ஆன்லைன் தேர்வு, வீடியோ அழைப்பில் ஒரு சுற்று, அதன் பிறகு அடுத்தடுத்து மூன்று முதல் ஐந்து சுற்றுகள் என்று போகும், கணக்குகளும் கடினமானவை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் தேர்வுமுறை சற்று வேறு. தனித்தனி அல்காரிதம் கணக்குகளோடு நிற்காமல், ரயில் டிக்கெட் முன்பதிவு போன்ற ஒரு சிறு அப்ளிகேஷனைச் சில மணி நேரத்தில் படிப்படியாகக் கட்டச் சொல்லும் சுற்றுக்கு அது பெயர்பெற்றது. அங்கே வகுப்புகளைப் பிரித்து வடிவமைப்பதும், இடையில் புதிய தேவை வந்தால் பழையதை உடைக்காமல் சேர்ப்பதும் முக்கியம். விண்ணப்பிக்கும் நிறுவனம் எந்த வகை என்பதை ரெக்ரூட்டரிடமே கேட்கலாம். எத்தனை சுற்று, எந்த மொழி, திரையில் நிரலை ஓட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. பலரும் விளக்கமாகவே பதில் சொல்வார்கள்.

ஆன்லைன் தேர்வுகள் பெரும்பாலும் ஹேக்கர்ரேங்க் போன்ற தளங்களில் நடக்கின்றன (அதைத் தொடங்கிய விவேக் ரவிசங்கரும் ஹரிசங்கரன் கருணாநிதியும் திருச்சி என்.ஐ.டி.யில் படித்தவர்கள்). இங்கே மனிதர் யாரும் பார்ப்பதில்லை, மறைத்துவைத்த டெஸ்ட் கேஸ்களே தீர்ப்புச் சொல்லும். முழு வழி கிடைக்காவிட்டாலும் எளிய, மெதுவான வழியை எழுதிச் சமர்ப்பித்தால் பல தேர்வுகளில் சில டெஸ்ட் கேஸ்களுக்காவது மதிப்பெண் கிடைக்கும். வெறும் திரையை விட்டுவிட்டு வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒருகாலத்தில் பேர்போன புதிர்க் கேள்விகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்ற மாதிரிக் கேள்விகளால் எந்தப் பயனும் இல்லை என்று, கூகுளின் மனிதவளத் துறைத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-இலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

ஒரே மொழி, முழுமையாக

நேர்காணலுக்கு ஒரு மொழி போதும். பைத்தான், ஜாவா, சி பிளஸ் பிளஸ் மூன்றில் எது கைக்குப் பழகியதோ அதுவே சரியான மொழி. பைத்தானில் குறைவான வரிகளில் எழுதிவிடலாம் என்பதால் நேரம் மிச்சமாகும். ஆனால் நான்கு ஆண்டுகள் ஜாவாவில் வேலை பார்த்தவர், நேர்காணலுக்காக இரண்டு வாரத்தில் பைத்தானுக்கு மாறுவது வீண் ஆபத்து.

தேர்ந்த மொழியின் உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். பைத்தானில் ஒரு லிஸ்ட்டின் முதல் உறுப்பை நீக்கினால் மிச்சமுள்ள அத்தனையும் ஓரிடம் நகரும். கியூவாக அதைப் பயன்படுத்தினால் வேகமான அல்காரிதமும் மெதுவாகிவிடும். அதற்கென்றே டெக் என்ற அமைப்பு இருக்கிறது. அதே மொழியில் ரிகர்ஷனின் ஆழத்துக்கு இயல்பான வரம்பு 1000 என்பதால், நீளமான லிங்க்டு லிஸ்ட்டை ரிகர்ஷனில் நடந்தால் பாதியில் நின்றுவிடும். ஜாவாவில் லூப்புக்குள் ஸ்ட்ரிங்கோடு ஸ்ட்ரிங்கைக் கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் புதிய ஸ்ட்ரிங் உருவாகும்.

எண்களின் வரம்பு இன்னொரு கண்ணி. பைனரி சர்ச்சில் நடு இடத்தைக் காண, தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுப்பது எல்லோரும் எழுதும் வரி. ஜாவாவின் இன்ட் வகை 2,147,483,647 வரைதான் தாங்கும்; இரண்டு பெரிய இன்டெக்ஸ்களைக் கூட்டினால் அதைத் தாண்டி எதிர்ம எண்ணாகிவிடும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. அந்த நிரலை எழுதிய ஜோஷ்வா பிளாக் 2006-இல் அதை ஊரறியச் சொன்னார். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, இரண்டால் வகுத்து, தொடக்கத்தோடு கூட்டினால் சிக்கல் இல்லை. நேர்காணலில் இந்த வரியை இப்படி எழுதி, ஏன் இப்படி என்று ஒரு வாக்கியம் சொல்பவரை நேர்காண்பவர் கவனிக்காமல் விடுவதில்லை.

எதை முதலில் படிப்பது

அர்ரே, ஸ்ட்ரிங், ஹாஷ் மேப் மூன்றும் முதலில் வர வேண்டும். மிக அதிகமாகக் கேட்கப்படுபவை இவை. அடுத்து ஸ்டாக், கியூ, லிங்க்டு லிஸ்ட், பைனரி சர்ச்; பிறகு ட்ரீ, கிராஃப், ஹீப்; கடைசியாக பேக்டிராக்கிங்கும் டைனமிக் புரோகிராமிங்கும். ட்ரை, யூனியன் ஃபைண்ட் போன்றவை நேரமிருந்தால் போதும். செக்மென்ட் ட்ரீ போட்டிக் கோடிங்கில் பழகியவர்களுக்குப் பிடித்தமானது. நேர்காணலுக்காகவே அதைக் கற்பவர் அந்த நேரத்தில் கிராஃபை இன்னொரு முறை படிக்கலாம்.

ஹாஷ் மேப்பைப் பற்றி மேலோட்டமாகத் தெரிந்தவர்களே அதிகம். சாவியிலிருந்து ஒரு எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் காட்டும் பக்கெட்டில் மதிப்பை வைப்பதால் தேடுவது சராசரியாக நிலையான நேரத்தில் முடிகிறது. சராசரியாக என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். பல சாவிகள் ஒரே பக்கெட்டில் விழுந்தால் தேடல் மெதுவாகும். ஜாவா 8 முதல் ஒரே பக்கெட்டில் நிறையச் சேர்ந்தால் அதை ட்ரீயாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது இதற்காகத்தான். ‘ஹாஷ் மேப் போட்டால் ஓ ஆஃப் ஒன்’ என்று ஒப்பிப்பவரிடம் அடுத்த கேள்வியாக ‘எப்போது அப்படி இருக்காது?’ என்பது வரும்.

கிராஃப் கணக்குகளைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். கேள்விகளில் கிராஃப் என்ற சொல்லே வராததுதான் அதற்குக் காரணம். கட்டங்கள் நிறைந்த வரைபடத்தில் தீவுகளை எண்ணுவது, ஒரு பாடத்தைப் படிக்கும் முன் எதையெல்லாம் படித்திருக்க வேண்டும் என்று வரிசைப்படுத்துவது, ஒரு சொல்லை ஒவ்வோர் எழுத்தாக மாற்றி இன்னொரு சொல்லுக்குப் போவது எல்லாமே கிராஃப்தான். எல்லா இணைப்புகளும் சம எடை கொண்டவை என்றால் மிகக் குறுகிய பாதைக்கு பி.எஃப்.எஸ். (பிரெட்த் ஃபர்ஸ்ட் சர்ச்) போதும். எடைகள் வேறுபட்டு, எதிர்ம எடை இல்லாமல் இருந்தால் டிக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட முறை. பி.எஃப்.எஸ். எழுதும்போது ஒரு முனையைப் ‘பார்த்தாயிற்று’ என்று குறிப்பது, அதைக் கியூவில் போடும்போதே நடக்க வேண்டும். எடுக்கும்போது குறித்தால் ஒரே முனை பல முறை கியூவுக்குள் நுழைந்து, பெரிய வரைபடத்தில் நேரமும் நினைவகமும் வீணாகும்.

டைனமிக் புரோகிராமிங்கை ஃபார்முலாக்களாக மனப்பாடம் செய்யக் கூடாது. சிறிய கணக்கிலிருந்து அதன் தேவை விளங்க வேண்டும். ஃபிபொனாச்சி வரிசையின் 40-ஆவது எண்ணை நேரடி ரிகர்ஷனில் கணக்கிட்டால் அந்த ஃபங்ஷன் 33 கோடி முறைக்கு மேல் அழைக்கப்படும். ஒரு முறை கண்ட விடையைச் சேமித்துவைத்தால் சில டஜன் அழைப்புகளில் முடிந்துவிடும். 1, 3, 4 ரூபாய் மதிப்புள்ள நாணயங்களால் 6 ரூபாயைக் குறைந்த எண்ணிக்கையில் தர வேண்டும் என்றால், பெரியதை முதலில் எடுக்கும் பேராசை முறை 4, 1, 1 என்று மூன்று நாணயம் தரும். சரியான விடை 3, 3 என இரண்டு. ஒவ்வொரு தொகைக்கும் சிறந்த விடையை 1 ரூபாயிலிருந்து கட்டிக்கொண்டு போனால் இந்தத் தவறு நேராது. இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளையும் தாளில் கையால் போட்டுப் பார்த்தவருக்கு மற்ற டைனமிக் புரோகிராமிங் கணக்குகளின் மேல் உள்ள அச்சம் பாதி குறைந்துவிடும்.

கேள்வியிலேயே உள்ள துப்பு

கணக்கோடு தரப்படும் உள்ளீட்டின் அளவு, எந்த வகை அல்காரிதம் எதிர்பார்க்கப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடும். சி பிளஸ் பிளஸ் போன்ற மொழியில் ஒரு விநாடிக்குச் சுமார் பத்துக் கோடி எளிய செயல்கள் நடக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பைத்தானில் அதைவிடப் பல மடங்கு குறைவு. ஒரு லட்சம் எண்கள் தரப்பட்டு, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் ஆயிரம் கோடி ஒப்பீடுகள் ஆகும். அது ஓடி முடியாது. அதே ஒரு லட்சத்தை வரிசைப்படுத்த சுமார் பதினேழு லட்சம் ஒப்பீடுகள் போதும். அளவு 20-க்குள் என்று கேள்வி சொன்னால், எல்லா உட்கணங்களையும் சோதிக்கலாம் என்பது பொருள். அவை 10,48,576 மட்டுமே. நேரில் கேட்கப்படும் கேள்வியில் அளவு சொல்லப்படாவிட்டால் அதைக் கேட்டு வாங்குவது விண்ணப்பதாரரின் வேலை.

ஒரு கணக்கை அணுகும் முறை

கணித ஆசிரியர் ஜார்ஜ் போல்யா 1945-இல் வெளியிட்ட ‘ஹவ் டு சால்வ் இட்’ நூலில், எந்தக் கணக்குக்கும் நான்கு படிகள் சொன்னார்: கேள்வியைப் புரிந்துகொள், திட்டமிடு, நிறைவேற்று, திரும்பிப் பார். கோடிங் சுற்றுக்கு இது அப்படியே பொருந்தும். பெரும்பாலானோர் சறுக்குவது முதல் படியிலும் கடைசிப் படியிலும்.

முதல் படிக்கு ஓர் எடுத்துக்காட்டு. ‘ஒரு ஸ்ட்ரிங்கைத் தலைகீழாகத் திருப்பு’ என்பது மிக எளிய கேள்வி. ஆனால் உள்ளே வருவது ‘தமிழ்’ என்ற சொல்லாக இருந்தால்? கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பைத்தானில் நீளம் கேட்டால் 5 என்றே வரும், யூ.டி.எஃப். 8 முறையில் சேமித்தால் 15 பைட். குறியீடுகளை அப்படியே திருப்பினால் புள்ளி முதலில் வந்து நிற்கும், இகரக் குறி மகரத்தை விட்டு ழகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ‘உள்ளீடு ஆங்கில எழுத்துகள் மட்டுமா, எந்த மொழியும் வரலாமா?’ என்று ஒரு கேள்வி கேட்பவர், நிஜ வாழ்வில் மென்பொருள் எழுதியவர் என்பது உடனே தெரிந்துவிடும். வெற்று உள்ளீடு வருமா, ஒரே எண் திரும்ப வருமா, எதிர்ம எண் உண்டா, விடை இல்லாவிட்டால் எதைத் திருப்பித் தர வேண்டும் என்பனவும் இப்படி முதலிலேயே கேட்டுத் தெளிய வேண்டியவை.

இனி ஒரு முழுக் கணக்கு. ஓர் அர்ரேயில், எந்த எண்ணும் இரண்டாம் முறை வராத மிக நீளமான தொடர்ச்சியான பகுதியின் நீளம் என்ன? 4, 7, 2, 7, 9, 5 என்ற அர்ரேயில் 2, 7, 9, 5 என்ற பகுதிதான் நீளமானது; விடை 4. இந்தச் சிறு எடுத்துக்காட்டைத் திரையில் எழுதி, நேர்காண்பவரிடம் ‘இதுதானே கேள்வி?’ என்று உறுதிசெய்துகொண்டு தொடங்க வேண்டும்.

முதலில் சொல்ல வேண்டியது எளிய வழி: ஒவ்வோர் இடத்திலிருந்தும் தொடங்கி, திரும்ப ஓர் எண் வரும்வரை வலப்பக்கம் போய்ப் பார்ப்பது. பார்த்த எண்களை ஒரு செட்டில் வைத்துக்கொண்டால் இதற்கு அளவின் வர்க்கத்துக்கு ஒப்பான நேரம் ஆகும். இதைச் சொல்லவே சிலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் தேவையில்லை. எளிய வழியைச் சொன்னவுடன், சரியான விடை ஒன்று கையில் இருக்கிறது. இனி வேகப்படுத்துவது மட்டுமே பாக்கி.

வேகப்படுத்த, எங்கே ஒரே வேலை திரும்பத் திரும்ப நடக்கிறது என்று பார்க்க வேண்டும். 4, 7, 2 வரை வந்து இரண்டாவது 7-ஐச் சந்தித்தபின், எளிய வழி முதல் 7-இலிருந்து மறுபடி தொடங்குகிறது. அது வீண், முதல் 7-ஐ உள்ளடக்கிய எந்தப் பகுதியும் இரண்டாவது 7-ஐத் தாண்ட முடியாது. ஆகவே இடது எல்லையை நேராக முதல் 7-க்கு அடுத்த இடத்துக்கு நகர்த்தலாம். ஒவ்வோர் எண்ணும் கடைசியாக எந்த இடத்தில் வந்தது என்பதை ஹாஷ் மேப்பில் வைத்துக்கொண்டால் போதும். வலது எல்லை ஒவ்வொரு படியாக முன்னேறும்; புதிய எண் ஏற்கெனவே வந்திருந்தால் இடது எல்லை அதன் பழைய இடத்துக்கு அடுத்து வந்து நிற்கும். அர்ரேயை ஒரே ஒரு முறை கடந்தால் வேலை முடிந்தது.

இங்கேதான் நான்காம் படியின் அருமை தெரியும். மேலே சொன்னபடியே எழுதிய நிரலை 3, 5, 5, 3 என்ற உள்ளீட்டில் கையால் ஓட்டிப் பார்க்க வேண்டும். இடங்கள் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணப்படுகின்றன. இரண்டாம் இடத்தில் 5 திரும்ப வரும்போது அதன் பழைய இடம் 1. இடது எல்லை 2-க்குப் போகிறது. மூன்றாம் இடத்தில் 3 வருகிறது. மேப்பில் அதன் பழைய இடம் 0. இடது எல்லை 1-க்குப் பின்வாங்கிவிடுகிறது! இப்போது பகுதி 5, 5, 3 ஆகி, நீளம் 3 என்று தவறான விடை வரும். சரியான விடை 2. இடது எல்லை ஒருபோதும் பின்னே போகக் கூடாது. தற்போதைய இடது எல்லை, பழைய இடத்துக்கு அடுத்த இடம் இரண்டில் பெரியதை எடுத்தால் சரியாகும். திருத்தம் ஒரே வரிதான். ஆனால் நேர்காண்பவர் சுட்டிக்காட்டித் திருத்துவதற்கும், விண்ணப்பதாரர் தானே கண்டுபிடித்துத் திருத்துவதற்கும் மதிப்பீட்டில் பெரிய வேறுபாடு உண்டு. நிரலை எழுதி முடித்தவுடன் ‘ஆயிற்று’ என்று சொல்லாமல், ஒரு சாதாரண உள்ளீடு, வெற்று அர்ரே, திரும்ப வரும் எண்கள் கலைந்து கிடக்கும் ஓர் உள்ளீடு மூன்றையும் வரிவரியாக ஓட்டிக் காட்டும் பழக்கம் எல்லாக் கணக்குக்கும் வேண்டும். நேரச் செலவும் நினைவகச் செலவும் அதன்பின் ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டியவை.

பயிற்சி

வேலையில் இருப்பவருக்கு, நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் மூன்று மாதம் நியாயமான அளவு. முதல் பாதியில் தலைப்பு தலைப்பாக, எளிதிலிருந்து நடுத்தரத்துக்குப் போகலாம். இரண்டாம் பாதியில் தலைப்பு தெரியாதபடி கலந்து போட வேண்டும். ‘ஸ்லைடிங் விண்டோ’ என்ற தலைப்பின் கீழ் உள்ள கணக்கில் எந்த முறை என்று யோசிக்கவே வேண்டியதில்லை. நேர்காணலில் அந்தத் தலைப்பு இருக்காது.

ஒரு கணக்கில் முப்பது நாற்பது நிமிடம் முட்டியும் வழி திறக்காவிட்டால் விடையைப் பார்க்கலாம். பார்த்தபின் அதை மூடிவிட்டு, வெறும் திரையில் முதலிலிருந்து எழுத வேண்டும். விடையைப் படிக்கும்போது வரும் ‘புரிந்துவிட்டது’ என்ற உணர்வு ஏமாற்றும். ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட நினைவாற்றல் சோதனைகள், படித்ததில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாட்களிலேயே மறந்துபோகிறது என்று காட்டின. எனவே தவறிய கணக்கை மறுநாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, ஒரு மாதம் கழித்து ஒரு முறை, விடை பார்க்காமல் எழுத வேண்டும். புதிய கணக்கு ஒன்றைத் தொடங்குவதைவிடப் பழைய கணக்கு ஒன்றை இப்படி முடிப்பது பயனுள்ளது.

தவறுகளுக்கென்று ஒரு நோட்டு வைத்திருப்பது நல்லது. அதில் கணக்கின் பெயரைவிடத் தவறின் காரணமே முக்கியம்: ‘வரிசைப்படுத்தப்பட்டது என்று தந்திருந்தும் கவனிக்கவில்லை’, ‘லூப்பின் கடைசிச் சுற்று விடுபட்டது’, ‘வெற்று ட்ரீயைச் சோதிக்கவில்லை’. ஒரு மாதம் எழுதினால் ஒரே நான்கைந்து காரணங்கள் மாறி மாறி வருவது கண்ணில் படும். நேர்காணலுக்கு முன்னிரவில் படிக்க அந்தப் பக்கங்களைவிடச் சிறந்தது எதுவும் இல்லை.

எடிட்டர் தானாகச் சொற்களை நிரப்பித் தருவதற்குப் பழகிய கை, வெறும் டாக்குமென்ட்டில் தடுமாறும். வாரத்தில் ஓரிரு கணக்குகளையாவது அப்படிப்பட்ட வெற்றுப் பக்கத்திலோ தாளிலோ எழுத வேண்டும்.

சத்தமாக யோசிப்பது

தனியே உட்கார்ந்து போடும் பயிற்சி பாதிதான். பேசிக்கொண்டே எழுதுவது தனித் திறன். பேசத் தொடங்கியவுடன் யோசனை அறுந்துபோவது எல்லோருக்கும் முதலில் நடக்கும். நண்பர் ஒருவரோடு முறைவைத்து மாக் இன்டர்வியூ நடத்துவது இதற்கு மருந்து. நேர்காண்பவரின் இடத்தில் உட்காருவதும் கற்றுத்தரும்: எதிரில் இருப்பவர் ஐந்து நிமிடம் மௌனமாக இருந்தால் அவர் யோசிக்கிறாரா, தொலைந்துவிட்டாரா என்று வெளியிலிருந்து தெரியவே தெரியாது என்பது அப்போது விளங்கும். இரண்டு நிமிடம் அமைதியாக யோசிக்க வேண்டுமென்றால், அதைச் சொல்லிவிட்டு யோசிப்பதே முறை.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு இங்கே கூடுதலான ஒரு தடை இருக்கிறது. அதை வெளிப்படையாகப் பேசுவது அவசியம். கணக்கு தெரிந்தும், ஆங்கிலத்தில் சொல்லத் தயங்கி மௌனமாகி, அந்த மௌனம் அறியாமையாக எண்ணப்பட்டு வாய்ப்பை இழப்பவர்கள் பலர். இது திறமைக் குறைவே இல்லை, பயிற்சியால் தீரும். முதல் சில வாரங்கள் தமிழிலேயே சத்தமாக விளக்கிப் பழகலாம். யோசனையும் பேச்சும் ஒன்றாக ஓடுவது முதலில் கைவர வேண்டும். பிறகு அதே கணக்குகளை ஆங்கிலத்தில் விளக்கலாம். நேர்காணலுக்குத் தேவையான ஆங்கிலம் மிகச் சிறியது: கேள்வியைத் திருப்பிச் சொல்வது, ஐயம் கேட்பது, எளிய வழியைச் சொல்வது, அதன் செலவைச் சொல்வது, இன்னொரு வழியோடு ஒப்பிடுவது, ‘ஒரு எடுத்துக்காட்டில் ஓட்டிப் பார்க்கிறேன்’ என்பது. முப்பது நாற்பது வாக்கியங்களில் அடங்கிவிடும். செல்போனில் தன் குரலைப் பதிந்து கேட்பது கூச்சமாக இருந்தாலும் வேகமாகத் திருத்தும். இலக்கணப் பிழைக்காக யாரும் கோடிங் சுற்றில் மதிப்பெண் குறைப்பதில்லை. சொல்வது புரிந்தால் போதும்.

பிற சுற்றுகள்

புதிதாகப் படித்து வருபவர்களிடம் டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் அடிப்படைகள் கேட்கப்படும். இண்டெக்ஸ் ஏன் தேடலை வேகமாக்குகிறது, பிராசஸுக்கும் த்ரெட்டுக்கும் என்ன வேறுபாடு, டி.சி.பி. எப்படி இணைப்பைத் தொடங்குகிறது என்ற அளவில் தெளிவு வேண்டும். சில ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு சிஸ்டம் டிசைன் சுற்று உண்டு. அது தனி அத்தியாயத்துக்கு உரியது.

ரெஸ்யூமில் எழுதிய ஒவ்வொரு வரியும் கேள்வியாக வரலாம். குழுவாகச் செய்த புராஜெக்ட்டில் விண்ணப்பதாரர் தாமே செய்தது எது, அந்தத் தொழில்நுட்பத்தை ஏன் தேர்ந்தார்கள், எது உடைந்தது, எப்படிச் சரியானது என்பதற்கு நேரான பதில் வேண்டும். பதில் இல்லாத வரியை ரெஸ்யூமிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது. அமேசானில் ஒவ்வொரு சுற்றிலும் அந்நிறுவனத்தின் தலைமைப் பண்புக் கொள்கைகளை ஒட்டிய கேள்விகளும் வரும். உண்மையில் நடந்த ஐந்தாறு சம்பவங்களை, சூழல், செய்த வேலை, விளைவு என்ற வரிசையில் சொல்லிப் பழகியிருந்தால் சமாளிக்கலாம்.

நேர்காணல் அன்று

வீடியோ அழைப்பு என்றால் இணைய இணைப்பு, மைக், நிரல் எழுதும் தளம் மூன்றையும் முதல் நாளே சோதித்துவிட வேண்டும். மின்வெட்டுக்கு வாய்ப்புள்ள ஊரில் செல்போன் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும். காலையில் புதிய தலைப்பு எதையும் தொடக் கூடாது. தெரிந்த எளிய கணக்கு ஒன்றை எழுதிக் கையைச் சூடாக்கிக்கொள்வது போதும்.

நடுவில் சிக்கிக்கொண்டால், அதுவரை தெரிந்ததைச் சத்தமாகத் தொகுத்துச் சொல்வது முதல் உதவி. சிறிய உள்ளீட்டைக் கையால் தீர்த்து, கை என்ன செய்தது என்று கவனிக்கலாம். வரிசைப்படுத்தினால் எளிதாகுமா, ஹாஷ் மேப் உதவுமா, பின்னிருந்து வந்தால் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ளலாம். நேர்காண்பவர் குறிப்புத் தந்தால் எழுதுவதை நிறுத்திக் காது கொடுக்க வேண்டும். ‘இங்கே ஒரு முறை பார்க்கலாமா?’ என்பது பெரும்பாலும் அந்த வரியில் பிழை இருக்கிறது என்பதன் மென்மையான வடிவம். ஏற்கெனவே தெரிந்த கணக்கே வந்தால், தெரியும் என்று சொல்லிவிடுவது நேர்மை; மனப்பாட விடை, கேட்பவருக்குச் சில நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஏ.ஐ. கருவிகள் பற்றிய விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. சில இடங்களில் அதைப் பயன்படுத்தச் சொல்லியே மதிப்பிடுகிறார்கள்; வேறு சில இடங்களில் முற்றாகத் தடை. முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தடை உள்ள இடத்தில் இன்னொரு திரையில் ஒளித்துவைத்துப் படிப்பது மோசடி. அடுத்த கேள்வி ‘இந்த வரி ஏன்?’ என்று வரும்போது அது வெளிப்பட்டும் விடும்.

முடிந்த அன்றே கேள்விகளையும், தடுமாறிய இடங்களையும் நோட்டில் எழுதி, அந்தக் கணக்கை முழுமையாகத் தீர்த்துவிட வேண்டும். நிராகரிப்புக்குப் பின் மீண்டும் விண்ணப்பிக்கப் பல நிறுவனங்கள் சில மாதம் முதல் ஓராண்டு வரை இடைவெளி கேட்கின்றன. எவ்வளவு என்பதை ரெக்ரூட்டரிடம் கேட்டு, தேதியைக் குறித்துவைக்கலாம். எந்தச் சுற்றில் குறை என்றும் கேட்கலாம். பலர் விவரம் சொல்வதில்லை. சொன்னால், அடுத்த இரண்டு மாதப் பயிற்சியை அந்தச் சுற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.